கணு திறக்கும் வரை

இந்த வருஷம் ஜனவரி இரண்டாவது வாரத்தில் பிடித்த மழை பதினோரு நாள் விடவில்லை. காலை பத்து மணி ஆனாலும் வெயில் முகம் காட்டாது. கோலா கிளாவாங் பக்கம் பத்தொன்பது டிகிரி என்று டெலிவிஷனில் சொன்னார்கள். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருந்த ஆறு குடும்பங்களிலும் ஸ்வெட்டர் என்று ஒன்று கிடையாது. ஆளுக்கொரு கைலியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் வாயைக் குவித்து ஊதி, புகை வருகிறதா என்று பார்த்து விளையாடின.

வள்ளிநாயகிக்குக் கொடிக்காலைப் பற்றித்தான் கவலை. அவளும் அவள் புருஷன் தேவனும் போட்டிருந்த வெற்றிலைக் கொடிக்கால் லயத்திலிருந்து பத்து நிமிஷ நடையில், தோட்டத்து எல்லைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்தது. நிலம், மாமா என்கிற அர்த்தத்தில் பாக் சிக் ஹமிட் என்று எல்லோரும் கூப்பிடுகிற மலாய்க்காரப் பெரியவருடையது. மேட்டிலிருந்து ஆற்றோரம்வரை பதின்மூன்று வரிசை, வரிசைக்கு இருபத்து நான்கு கம்பு, கம்புக்கு ஒரு கொடி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் துண்டு துண்டாக வெட்டி வாங்கி வந்து நட்ட கொடிகள். வெற்றிலை ஒருமுறை பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும், பறிக்கப் பறிக்கத் தழைக்கும். காலடியில் நிற்கிற தண்ணீரையும் உள்ளே இறங்குகிற குளிரையும்தான் அதனால் தாங்க முடியாது. இந்தத் தடவை இரண்டும் ஒன்றாக வந்தன.

ஒன்பதாம் நாள் காலை குடையைப் பிடித்துக்கொண்டு அவள் போய்ப் பார்த்தாள். கொதிநீர் ஊற்றிய கீரை மாதிரி இலையெல்லாம் கறுத்துச் சுருண்டு தரையில் கிடந்தது. கம்புகள் மொட்டையாக நின்றன. ஒரு தண்டின் அடியைத் தொட்டாள். விரலோடு தோல் வழுக்கிக்கொண்டு வந்தது.

தேவன் அவள் பின்னாலேயே வந்திருந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு முதல் வரிசை முனையில் நின்றான். எதையும் தொடவில்லை. பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அன்றைக்கு வள்ளிநாயகி முதல் வேலையாக வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இருந்த, புல்லைச் சாகடிக்கிற மருந்து டின்னை ஒரு கோணிப்பையில் போட்டு, நான்கு வீடு தள்ளி இருக்கும் மயிலம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மயிலம்மாள் தனிக்கட்டை, அறுபது வயது, தோட்டத்தில் களையெடுத்து ஓய்வு பெற்றவள். கொட்டகைக்குள் தண்ணீர் வருகிறது, கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் அக்கா என்று மட்டும் சொன்னாள். மயிலம்மாளும் காரணம் கேட்காமல் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

அந்த டின்னைப் பற்றி அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டபோது ஆட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பியது. பதினேழு வயதில் பால்வெட்டப் போய், நாற்பதை நெருங்கும்போதுதான் ஆட்களை மேற்பார்க்கிற மண்டோராகியிருந்தான் தேவன். மூன்று வருஷம்கூட முழுசாக மண்டோராக இருக்கவில்லை. வேலை போன இரண்டாவது மாதம் ஒரு மத்தியானம் வள்ளிநாயகி வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பியபோது, கொட்டகைக்குள் அவன் இதே மாதிரி ஒரு டின்னின் மூடியைத் திறந்து வாயருகே கொண்டுபோயிருந்தான். அவள் தட்டிவிட்டாள். இரண்டு பேரும் தரையில் விழுந்து வெகுநேரம் அப்படியே கிடந்தார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது பதினாலு வயதாயிருந்த மகள் புனிதாவுக்கும் தெரியாது. அவர்கள் இரண்டு பேருமே அதைப் பற்றி ஒருதரம்கூட வாய் திறந்து பேசிக்கொண்டதில்லை.

பிறகு சிரம்பானில் மூன்று வருஷம் செக்யூரிட்டி வேலை பார்த்தான். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவான், வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். கொடிக்கால் போட்ட பிறகுதான் அந்த ஆள் திரும்பி வந்தான். இலையை எண்ணிக் கட்டிக்கொண்டே மகளோடு போனில் சிரித்துப் பேசுகிற, குழம்பில் உப்புக் குறைந்தால் குறை சொல்கிற பழைய தேவன்.

மழை விட்டதும் விவசாய இலாகாவிலிருந்து ஓர் இளம்பெண் வந்து பார்த்தாள். பத்துப் பதினைந்து தண்டுகளை நகத்தால் லேசாகச் சுரண்டினாள். சிலவற்றில் தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தது. வேர் உயிரோடு இருந்தால் தரையை ஒட்டின கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும், ஆறு வாரம் ஆகலாம், பத்து வாரமும் ஆகலாம் என்று மலாயில் சொன்னாள். வடிகாலை ஆழமாக்க வேண்டும், அழுகினதை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும், உரம் கூடாது, தோண்டிப் பார்க்கக் கூடாது. மற்றபடி காத்திருக்க வேண்டியதுதான். எத்தனை பிழைக்கும் என்று தேவன் கேட்டான். அதை யாராலும் சொல்ல முடியாது என்றாள் அவள்.

முதல் வாரம் அவன் நன்றாகத்தான் வேலை செய்தான். வடிகாலை இடுப்பளவு வெட்டினான். அழுகின தண்டுகளைக் கூட்டித் தூரத்தில் கொண்டுபோய்க் கொளுத்தினான். வேலை முடிந்ததும்தான் தொல்லை தொடங்கியது. தினமும் காலையில் போய் ஒவ்வொரு கொடியாகச் சுரண்டிப் பச்சை இருக்கிறதா என்று பார்த்தான். நேற்றுப் பச்சையாக இருந்தது இன்றைக்குப் பழுப்பாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டினான். பதினைந்து நாளில் தண்டுகள் எல்லாம் காயமாகிவிட்டன. இப்படிக் கீறினால் பிழைக்கிறதும் பிழைக்காது என்று வள்ளிநாயகி சொன்னாள். தலையை ஆட்டினான். மறுநாளும் போய்ச் சுரண்டினான்.

தைப்பூசம் வந்தது. மற்ற வருஷமென்றால் அந்த வாரம் சிரம்பான் பூஜை சாமான் கடைகளுக்கு மூட்டை மூட்டையாக இலை போகும். இந்த வருஷம் கடைக்காரர் போன் செய்தபோது இலை இல்லை என்று வள்ளிநாயகிதான் சொன்னாள். கோயிலுக்குப் போகலாம் வாங்க என்று கூப்பிட்டதற்கு, போய் என்ன கேட்கிறது என்றான் தேவன்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் வேலை முடிந்து அவள் நேராகக் கொடிக்காலுக்குப் போனாள். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விடியற்காலையிலிருந்து மத்தியானம் ஒரு மணிவரை அவளுக்குச் சமையல் வேலை. போனபோது அவன் ஆறாவது வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் ஒன்பது கொடிகள் வேரோடு கிடந்தன. ஏழின் வேர் ஊறின கயிறு மாதிரி நாறியது. மற்ற இரண்டில் நூல் நூலாக வெள்ளை வேர் புதிதாக விட்டிருந்தது. அந்த இரண்டையும் அவன் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டிருந்தான்.

"உயிரோட இருந்தத பிடுங்கிட்டேன் நாயகி" என்றான்.

இரண்டு பேரும் அதே குழியில் திரும்ப நட்டு, தென்னை ஓலை சாய்த்து நிழல் கட்டினார்கள். நான்காம் நாள் இரண்டும் காய்ந்துவிட்டன.

அதற்குப் பிறகு அவன் கொடிக்கால் பக்கம் போகவில்லை. முகம் மழிக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் இரண்டு கவளம் எடுப்பான், கையைக் கழுவிவிடுவான். வாசல்படியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அவள் வேலைக்குப் போயே ஆக வேண்டும். கடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே மனசு லயத்தில் இருக்கும். ஒருநாள் உப்பு வேண்டும், ஒருநாள் பல்ப் மாட்ட வேண்டும் என்று ஏதாவது சாக்கில் மயிலம்மாளை வீட்டுக்குப் போய் எட்டிப் பார்க்கச் சொன்னாள். எதற்கு என்று மட்டும் அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும், தெரிந்தால் அந்த அவமானத்திலேயே அவன் ஏதாவது செய்துகொள்வான் என்று பயந்தாள்.

ரமலான் நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள் பாக் சிக் ஹமிட் வந்தார். கூடவே சிரம்பானில் இருக்கும் மகனும் வந்திருந்தான். பெரியவர் வெகுநேரம் குளிரைப் பற்றியும், தன் வீட்டுக் கோழிகள் செத்ததைப் பற்றியும் பேசினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். மகன் அந்த நிலத்தில் டுரியான் பழத்தோட்டம் போட ஆசைப்படுகிறான். கொடி நின்றவரையில் அவர் சம்மதிக்கவில்லை. இப்போது மொட்டைக் கம்புதான் நிற்கிறது என்கிறான் மகன்.

இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் பாக் சிக் என்றான் தேவன்.

வள்ளிநாயகி குறுக்கே வந்தாள். வேர் உயிரோடு இருப்பதாக இலாகாவில் சொல்லியிருக்கிறார்கள், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று கெஞ்சினாள். பெரியவர் மகன் முகத்தைப் பார்த்தார். கடைசியில், நோன்பு முடிகிற ஹரி ராயாப் பெருநாள் வரைக்கும் பார்ப்போம் என்றார். அதற்குள் துளிர்த்தால் நிலம் உங்களிடமே இருக்கட்டும். முப்பது நாள்.

அந்த முப்பது நாளில் முதல் வாரம் அவள் தினமும் கொடிக்காலுக்குத் தனியாகப் போனாள். முட்டி போட்டு ஒவ்வொரு அடிக்கணுவாகப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. வீட்டுக்கு வந்தால் அவன் ஏதும் கேட்க மாட்டான். அவள் முகத்தை ஒருதரம் பார்ப்பான், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி பகாவுக்குப் போனாள். அங்கே ஒரு பெண் கொடிக்கால் வைத்திருந்தாள். மேட்டு நிலம், குளிரும் அவ்வளவாக இல்லை என்பதால் அங்கே பெரிய சேதமில்லை. வேர் பிடித்துக் கொழுந்து விடுகிற பருவத்தில் இரண்டு கொடி வேண்டும் என்று வள்ளிநாயகி கேட்டாள். நடுவதற்கா என்று அந்தப் பெண் கேட்டாள். வீட்டில் ஒருத்தர் பார்க்க வேண்டும் என்றாள் இவள். அதற்கு மேல் கேட்காமல் ஈரக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், தேவன் எழுந்திருப்பதற்குள் போய், நான்காவது வரிசையில் இரண்டு பழைய தண்டுகளை ஒட்டினாற்போல் அவற்றைக் கொழுந்து மட்டும் தெரியும்படி புதைத்து, சுற்றிலும் பழைய சருகைப் பரப்பிவிட்டாள். பத்து மணி வாக்கில், வடிகாலில் மண் சரிந்து கிடக்கிறது, என்னால் தனியாக முடியவில்லை என்று அவனைக் கூப்பிட்டாள். அவன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி வந்தான்.

அவன் அதைப் பார்த்த நிமிஷத்தை அவளால் மறக்க முடியவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டான். முட்டி போட்டுக் குனிந்து, விரல் படாமல், மூச்சுக்கூடப் படாமல் பார்த்தான். பக்கத்தில் இன்னொன்றையும் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். முகம் மழித்தான். புனிதாவுக்குப் போன் செய்து, கொழுந்து விட்டிருச்சும்மா, ரெண்டு கொடியில விட்டிருச்சு, ராயாவுக்குள்ள எல்லாம் வந்திரும் என்றான். மயிலம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். வள்ளிநாயகி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் இவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைக்கவில்லை. இனி ஒரே ஒரு கொடியாவது நிஜமாகத் துளிர்த்துவிட்டால் போதும், நான் செய்தது அதோடு கரைந்துவிடும் என்று வேண்டிக்கொண்டாள்.

திங்கள், செவ்வாய், புதன். அவன் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மற்றது எதிலும் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் வேலையிலிருந்து வந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவனைக் காணவில்லை. மேஜைமேல் அவனுடைய போன் இருந்தது. போனுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலை, பாதி கடித்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். வெளிர்ப்பச்சை, அகலமான இலை, மெல்லிய காம்பு. அவர்கள் கொடியின் இலை கறும்பச்சை, குறுகலாக இருக்கும், நுனி நாக்கில் பட்டாலே சுரீரென்று காரம் ஏறும். கொழுந்தாக இருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை. விரிந்ததும் தெரிந்துவிட்டது.

அவள் மயிலம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

"தேவன் தம்பி வந்துச்சே" என்றாள் மயிலம்மாள். "கொடிக்கால்ல புல்லு ஏறிருச்சு, மருந்து இங்க இருக்கானு கேட்டுச்சு. எடுத்துக் குடுத்தேன். நல்லாத்தான் பேசிச்சு. ஏன் தாயி?"

பத்து நிமிஷ நடை அது. செம்பனை ஓலைகள் வெட்டிப் போட்டிருந்த பாதை. முள் குத்தியது, ஒரு செருப்பு கழன்றது, அவள் நிற்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. என்னங்க, என்னங்க என்று கத்திக்கொண்டே ஓடினாள். பதில் வரவில்லை.

அவன் நின்றுகொண்டிருந்தான். முதுகில் மருந்து பம்ப் மாட்டியிருந்தது. கையில் குழாய். மேட்டு வரிசைகளின் அடித்தண்டுகளும் சருகும் மருந்தில் நனைந்து கறுத்திருந்தன. அவன் காலடியில் டின் கிடந்தது.

அவள் போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுக்கவில்லை.

"எத்தன வரிச?" என்று கேட்டாள்.

"நாலு."

"ஏன்?"

"இருக்கா இல்லயான்னு தெரியாம இருக்க முடியல. செத்துருச்சுன்னு தெரிஞ்சிட்டா போதும். அதான் நானே முடிச்சிரலாம்னு."

அவள் பம்ப்பைக் கழற்றித் தரையில் வைத்தாள். அவன் முகத்தைப் பிடித்து, வாயருகே முகர்ந்து பார்த்தாள். பிறகு பன்னிரண்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"மயிலம்மாக்காகிட்ட டின்ன வாங்கினது கொடிக்கா, உங்களுக்கா?"

அவன் கீழே உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள்.

"வாங்கும்போது எனக்குத்தான் வாங்கினேன்" என்றான். "இங்க வந்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் பம்ப்ப எடுத்தேன்."

தான் செய்தது தப்புதான் என்றாள். அவன் ஒரு வாய் சோறு தின்ன வேண்டும் என்றுதான் அந்தக் கொடியைக் கொண்டுவந்து வைத்ததாகச் சொன்னாள்.

"கோவம் வரல நாயகி. மென்னதும் தெரிஞ்சிருச்சு. எம்பொண்டாட்டி எனக்குப் பயந்துகிட்டு எங்கியோ பஸ் ஏறிப் போயி கொடி வாங்கிட்டு வந்து நட்டிருக்கா. அந்தளவுக்கு ஆயிட்டனேன்னு இருந்துச்சு."

அவள் அவனை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு, கையையும் காலையும் கழுத்தையும் மணலால் தேய்த்துக் கழுவினாள். அவன் கைகளை நீட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் அங்கேயே, அவன் கேட்கும்படியாக, புனிதாவுக்குப் போன் செய்தாள். செனவாங்கில் ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருந்தாள் புனிதா. வள்ளிநாயகி முதலில் இன்றைக்கு நடந்ததைச் சொன்னாள். பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின மத்தியானத்தைச் சொன்னாள். பாதியில் அழுகை வந்து பேச்சு நின்றது, மறுபடி ஆரம்பித்துச் சொல்லி முடித்தாள். தேவன் தடுக்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைக்கிறதற்கு முன்னால் புனிதா அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். என்ன சொன்னாளோ, சரிம்மா, சரிம்மா என்று மட்டும் அவன் சொன்னது வள்ளிநாயகிக்குக் கேட்டது.

பொழுது சாயும் முன் புனிதா வந்துவிட்டாள். மறுநாள் மூன்று பேரும் கோலா கிளாவாங் கிளினிக்குக்குப் போனார்கள். நம்பர் எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தபோது தேவன் ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரித் தளர்ந்து போயிருந்தான். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே மாத்திரை கொடுத்து, வாரத்துக்கு ஒருதரம் வந்து பேசச் சொன்னார்கள். மாத்திரை வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், பொறுமையாக இருக்க வேண்டும் என்று அந்த டாக்டரும் சொன்னார். வள்ளிநாயகி கடையில் ஒரு மாதம் லீவு சொன்னாள். டின்னை மயிலம்மாள் தோட்ட ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்த பிறகு அவள் தினமும் வந்து தேவனோடு உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருந்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. லயத்தில் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்தும் யாரும் எதுவும் கேட்கவில்லை, குழம்பு மட்டும் கிண்ணத்தில் வந்துகொண்டிருந்தது.

நோன்பு மூன்றாவது வாரத்தில் வெயிலும் சாயங்கால மழையுமாக நாள்கள் மாறின. இருபத்திரண்டாம் நோன்பன்று வள்ளிநாயகி மட்டும் கொடிக்காலுக்குப் போனாள். கீழே ஒன்பதாவது வரிசையில், தரைக்கு இரண்டு விரல் மேலே ஒரு கணு வெடித்து, எறும்புத் தலை அளவுக்குச் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. அவள் நம்பவில்லை. மறுநாள் போனாள். சிவப்பு சற்று நீண்டு பச்சையாகியிருந்தது. அதே வரிசையில் இன்னும் இரண்டு.

அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள்தான் சொன்னாள்.

"இத நான் நடல" என்றாள்.

அவன் அவளோடு வந்தான். பையிலிருந்த சின்னக் கத்தியால் தண்டைச் சுற்றி மண்ணை மெதுவாக விலக்கினான். கொழுந்து பழைய தண்டின் தோலைக் கிழித்துக்கொண்டுதான் வந்திருந்தது. அவனே ஒருமுறை நகத்தால் கீறின வடு அதற்குக் கீழே இருந்தது. மண்ணைத் திரும்ப மூடினான். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"நம்மளுதுதான்" என்றான்.

ஹரி ராயா அன்று நாற்பத்தொரு கொடி துளிர்த்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொன்று. மருந்தடித்த நான்கு வரிசையில் ஒன்றுகூட இல்லை.

ராயா நான்காம் நாள் பாக் சிக் ஹமிட் லெமாங் சோறும் ரெண்டாங் கறியும் எடுத்துக்கொண்டு வந்தார். கொடிக்காலைச் சுற்றிப் பார்த்தார். மருந்தில் கருகின வரிசைகளைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். நான்தான் செய்தேன் என்றான் தேவன். பெரியவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சொன்ன சொல்லை மறக்கவில்லை, ஆனால் மகன் டுரியான் கன்றுக்குச் சொல்லி வைத்துவிட்டான் என்றார். கீழே ஆற்றோரம் உள்ள ஆறு வரிசையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஏழு வரிசை மகனுக்கு. அதுதான் முடிவாயிற்று.

மேலே மருந்து படாத மூன்று வரிசையில் பதினொரு கொடிகள் துளிர்த்திருந்தன. தேவன் அவற்றைச் சுற்றி அகலமாக வெட்டி, மண் உதிராமல் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுவந்து நட்டான். ஆறு பிழைத்தன, ஐந்து பட்டுப்போயின. ஐந்தாவது கொடி காய்ந்த அன்று அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். வள்ளிநாயகி புனிதாவுக்குப் போன் செய்தாள், புனிதா சிரம்பானுக்குப் போன் செய்தாள், மறுநாளே வரச் சொன்னார்கள். போனார்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள்.

ஜூன் மாதம் முதல் பறி நடந்தது. ஒரு கடைக்குக்கூடப் போதாது. கோயிலுக்குக் கொஞ்சம், மயிலம்மாளுக்குக் கொஞ்சம் என்று கொடுத்தார்கள். மேலே டுரியான் கன்றுகள் வந்துவிட்டன. கீழே இடைவெளி விழுந்த கம்புகளுக்குத் தேவன் தங்கள் கொடியிலிருந்தே துண்டு வெட்டி நட்டுவருகிறான். பழையபடி ஆக இரண்டு வருஷமாவது ஆகும் என்கிறான். இரண்டு வருஷம் என்று அவன் வாயிலிருந்து வந்ததையே அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள்.

அவள் மறுபடி வேலைக்குப் போகிறாள். மத்தியானம் கடையிலிருந்து நேராகக் கொடிக்காலுக்கு வருவாள். கொடிகள் இப்போது இடுப்பளவு ஏறியிருப்பதால் உள்ளே குனிந்து வேலை செய்கிறவன் வெளியே தெரிவதில்லை. அவள் காலடிச் சத்தம் கேட்டதும், "இங்கதான் இருக்கேன்" என்று அவனே குரல் கொடுப்பான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகவே தொடங்கின பழக்கம் அது. சில நாள் அந்தக் குரல் வரக் கொஞ்சம் தாமதமாகும். அந்த நாள்களில் அவள் ஓடித்தான் போகிறாள்.